மேக்ரோ உள்ள எக்செல் கோப்பை அடுத்தவர் கணினிக்கு அனுப்பும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் எக்செலில் சம்பளப் பட்டியல் செய்துகொடுப்பது என் வேலை. கோப்பைச் செய்ய மூன்று நாள் ஆகும். அது வேறு கணினியில் ஏன் ஓடவில்லை என்று தொலைபேசியில் விளக்க மூன்று வாரம் ஆகும். கேட்பவர்கள் மாறுகிறார்களே தவிர, கேள்விகள் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்துவிட்டேன். விண்டோஸ் கணினியில் மைக்ரோசாஃப்ட் எக்செல் வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் இருக்க, கேள்விகளுக்கு எண் கொடுத்திருக்கிறேன்.

1. "சார், ஃபைல் திறக்கிறது, எண்கள் எல்லாம் தெரிகின்றன. ஆனால் பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை. ஃபைல் கெட்டுவிட்டதா?"

கெடவில்லை. எண்களும் வாய்ப்பாடுகளும் கோப்பின் ஒரு பகுதி. பட்டனை அழுத்தினால் ஓடும் மேக்ரோ இன்னொரு பகுதி. மேக்ரோ என்பது விபிஏ மொழியில் எழுதப்பட்ட ஒரு குட்டி நிரல். உங்கள் கணினியில் கோப்புகளைத் திறக்கவும் அழிக்கவும் மின்னஞ்சல் அனுப்பவும் அதனால் முடியும். அதனால்தான் எக்செல் முதல் பகுதியைக் காட்டிவிட்டு, இரண்டாம் பகுதியை வாசலிலேயே நிறுத்திவைக்கிறது.

இது வீண் பயம் அல்ல. லாரூ என்ற எக்செல் மேக்ரோ வைரஸ் 1996-இலேயே வந்துவிட்டது. 1999 மார்ச்சில் பரவிய மெலிசா, வேர்டு கோப்புக்குள் ஒளிந்து வந்து, திறந்தவரின் முகவரிப் புத்தகத்தில் இருந்த முதல் 50 பேருக்குத் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்: பூட்டு கோப்பில் இல்லை, பெறுபவரின் கணினியில் இருக்கிறது. அனுப்புகிறவன் நான் எவ்வளவு முயன்றாலும் அதைக் கோப்புக்குள்ளிருந்து திறக்க முடியாது. முடிந்திருந்தால் வைரஸ் எழுதுபவர்களுக்கும் முடிந்திருக்கும்.

2. "பெயரின் கடைசியில் எக்ஸ்எல்எஸ்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எம் என்று வருகிறதே, ஓர் எழுத்தில் என்ன இருக்கிறது?"

எல்லாமே அதில்தான் இருக்கிறது. 2007-க்கு முன்பு எக்ஸ்எல்எஸ் என்ற ஒரே வகைதான். மேக்ரோ உள்ளதும் இல்லாததும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். எக்செல் 2007 இரண்டையும் பிரித்தது. 'எக்ஸ்' என்று முடியும் கோப்பில் மேக்ரோ இருக்கவே முடியாது. 'எம்' என்று முடிவதில் இருக்கலாம். எக்ஸ்எல்எஸ்பி என்ற வகையிலும் பழைய எக்ஸ்எல்எஸ் வகையிலும் மேக்ரோ இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

மேக்ரோ உள்ள கோப்பை 'எக்ஸ்' வகையில் சேமிக்கப் போனால் எக்செல் ஒரு முறை எச்சரிக்கும். அதைப் படிக்காமல் 'யெஸ்' அழுத்தினால், சேமித்த பிரதியில் மேக்ரோ இருக்காது. எனக்குத் தெரிந்த ஒரு கணக்காளர் இப்படிச் சேமித்துவிட்டு, மூலக் கோப்பையும் "இடத்தை அடைக்கிறது" என்று அழித்துவிட்டார். பெயரை மட்டும் மாற்றி 'எம்' என்பதை 'எக்ஸ்' ஆக்கினாலும் பயனில்லை. கோப்பு திறக்கவே திறக்காது.

3. "மேலே மஞ்சள் பட்டை வருகிறது. அதில் உள்ளதை அழுத்தலாமா?"

மஞ்சள் பட்டையில் இரண்டு வகை உண்டு. 'எனேபிள் எடிட்டிங்' என்றால், கோப்பு பாதுகாப்புப் பார்வையில், அதாவது படிக்க மட்டும் திறந்திருக்கிறது என்று பொருள். 'எனேபிள் கன்டென்ட்' என்றால் மேக்ரோவை ஓடவிடலாமா என்று கேட்கிறது. அனுப்பியவர் யார், எதற்கு அனுப்பினார் என்பது தெரிந்தால் அழுத்தலாம். தெரியாவிட்டால் அவருக்கு ஒரு ஃபோன் போடுங்கள். மின்னஞ்சலில் திருப்பிக் கேட்காதீர்கள். அந்த முகவரியே திருடுபோயிருக்கலாம்.

ஒரு முறை அனுமதித்தால் அந்தக் கணினி, அந்தப் பயனர், அந்த இடத்தில் உள்ள அந்தக் கோப்பு என்று எக்செல் குறித்துக்கொள்ளும். கோப்பை வேறு ஃபோல்டருக்கு மாற்றினாலோ பெயரை மாற்றினாலோ மீண்டும் கேட்கும். "நேற்று கேட்கவில்லை, இன்று கேட்கிறது" என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

4. "எனக்கு மஞ்சள் இல்லை, சிவப்பு வருகிறது. அனுமதிக்கும் பட்டனே காணோம்!"

இந்தப் பக்கத்தை எழுதவைத்த கேள்வியே இதுதான். இணையத்திலிருந்து வந்த கோப்பின் மேக்ரோவை ஒரே சொடுக்கில் அனுமதிக்கும் வழியை மூடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2022 பிப்ரவரியில் அறிவித்தது. படிப்படியாகக் கொண்டுவந்து, ஜூலை தொடக்கத்தில் திடீரென நிறுத்தி, அதே மாதம் மீண்டும் தொடங்கியது. போதாக்குறைக்கு, எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நாளில் புதுப்பிப்பு வராது. பக்கத்துப் பக்கத்து மேசையில் ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. அந்த மாதத்தில் என் ஃபோன் ஓய்ந்ததே இல்லை.

கோப்பு நம்பத் தகுந்தது என்று உறுதியானால் செய்ய வேண்டியது இது. கோப்பை மூடுங்கள். உங்கள் கணினியில் ஒரு ஃபோல்டரில் சேமியுங்கள். அதன் மீது வலது கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போங்கள். 'ஜெனரல்' பக்கத்தின் அடியில், இந்தக் கோப்பு வேறு கணினியிலிருந்து வந்தது என்ற வரியும் பக்கத்தில் 'அன்பிளாக்' என்ற கட்டமும் இருக்கும். அதில் டிக் போட்டு 'ஓகே' கொடுங்கள். அடுத்த முறை திறக்கும்போது சிவப்பு போய், பழைய மஞ்சள் பட்டை வரும்.

அன்பிளாக் செய்வது கோப்பைச் சுத்தம் செய்வதல்ல. உள்ளே வைரஸ் இருந்தால், டிக் போட்ட பிறகும் இருக்கும்.

5. "அதே ஃபைல், பென் டிரைவில் கொண்டுபோனால் ஓடுகிறது, மெயிலில் அனுப்பினால் ஓடவில்லை. மெயில் ஃபைலைக் கெடுக்கிறதா?"

இல்லை. இணையத்திலிருந்து கோப்பை இறக்கும்போது, பிரவுசரோ மின்னஞ்சல் மென்பொருளோ அதன் முதுகில் ஒரு சிறு சீட்டு ஒட்டிவிடுகிறது. 'ஜோன் ஐடென்டிஃபையர்' என்பது அதன் பெயர். இணையத்திலிருந்து வந்தது என்றால் அதில் 3 என்ற எண் இருக்கும். கண்ணால் பார்க்க ஆசை இருந்தால், கமாண்ட் பிராம்ப்ட்டில் அந்த ஃபோல்டருக்குப் போய் 'டிர்' கட்டளையுடன் சாய்கோடும் 'ஆர்' எழுத்தும் சேர்த்துக் கொடுங்கள். உங்கள் கோப்பின் பெயருக்குக் கீழேயே அதே பெயர், வால்போல ஜோன் ஐடென்டிஃபையர் என்று ஒட்டிக்கொண்டு, இன்னொரு வரியில் நிற்கும். எக்செல் சிவப்புப் பட்டை காட்டுவது இந்தச் சீட்டைப் பார்த்துத்தான். அன்பிளாக் செய்வது என்றால் சீட்டைக் கிழிப்பது.

விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வட்டுகளில்தான் இந்தச் சீட்டு ஒட்டும். கடையில் வாங்கும் பென் டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் வகை. அங்கே நகலெடுத்ததும் சீட்டு உதிர்ந்துவிடும். அதனால் பென் டிரைவ் பாதுகாப்பானது என்று பொருளல்ல. கேள்வி கேட்கும் ஆள் அந்த வழியில் நிற்கவில்லை என்றுதான் பொருள்.

நானே எழுதிய கோப்பை என் மின்னஞ்சலுக்கே அனுப்பி, மறுநாள் இறக்கித் திறந்தபோது, என் கணினியே என்னைச் சிவப்புப் பட்டையால் வரவேற்றிருக்கிறது. சீட்டுக்கு ஆள் தெரியாது, வழிதான் தெரியும்.

6. "ஜிப் செய்து அனுப்பினால் தப்பிக்கலாமா?"

விண்டோஸிலேயே உள்ள வசதியால் ஜிப்பைப் பிரித்தால், ஜிப்பின் சீட்டு உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒட்டும். இருபது கோப்பு இருந்தால் இருபதையும் அன்பிளாக் செய்ய வேண்டிவரும். பிரிக்கும் முன்பு ஜிப்பையே அன்பிளாக் செய்துவிட்டால் ஒரு டிக்கோடு வேலை முடியும். ஜிப்பால் கிடைக்கும் லாபம் இவ்வளவுதான்.

கடவுச்சொல் போட்ட ஜிப்பாக அனுப்பி, கடவுச்சொல்லை அதே மின்னஞ்சலில் எழுதும் பழக்கம் சிலருக்கு உண்டு. எமோடெட் என்ற வைரஸை மின்னஞ்சலில் பரப்பிய கும்பல் செய்த வேலையும் அச்சு அசலாக இதுதான். வைரஸ் தடுப்பானால் உள்ளே பார்க்க முடியாத கோப்பைப் பல அலுவலகங்களின் மின்னஞ்சல் வாசல் உள்ளேயே விடாது. திருடன் போகும் சந்தில் நாமும் போனால் போலீஸ் நிறுத்தத்தான் செய்யும்.

7. "தம்பி, எல்லா மேக்ரோவையும் அனுமதி என்று ஓர் அமைப்பு இருக்கிறதாமே? அதை வைத்துவிட்டால் தொல்லை விட்டதல்லவா?"

வைக்காதீர்கள். என் கோப்புக்காகத் திறந்த கதவு, நாளைக்கு 'இன்வாய்ஸ்' என்ற பெயரில் வரும் முகம் தெரியாத கோப்புக்கும் திறந்தே இருக்கும். கோப்பு செய்துகொடுப்பவர் யாராவது "அதை ஆன் செய்துவிடுங்கள்" என்று சொன்னால், அவர் தன் வேலையைச் சுருக்க உங்கள் கணினியைப் பணயம் வைக்கிறார். முன்னிருப்பாக உள்ள 'அறிவிப்புடன் தடு' என்ற அமைப்பே சரி. அதற்கு மேல் வசதி வேண்டுமென்றால் அடுத்த பதிலைப் பாருங்கள்.

8. "ஒவ்வொரு மாதமும் புது ஃபைல் வருகிறது. ஒவ்வொரு முறையும் டிக் போட வேண்டுமா?"

வேண்டாம். நம்பகமான இடம் என்று ஒரு ஃபோல்டரை எக்செலுக்கு அறிமுகப்படுத்திவிடலாம். 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'டிரஸ்ட் சென்டர்', 'டிரஸ்ட் சென்டர் செட்டிங்ஸ்', 'டிரஸ்டட் லொக்கேஷன்ஸ்' என்று வரிசையாகப் போய், 'ஆட் நியூ லொக்கேஷன்' கொடுத்து ஃபோல்டரைக் காட்டுங்கள். அதற்குள் உள்ள கோப்புக்கு முதுகில் சீட்டு இருந்தாலும் எக்செல் கேள்வி கேட்காது. பாதுகாப்புப் பார்வையும் வராது.

அவ்வளவு அதிகாரம் உள்ள ஃபோல்டர் என்பதால் சிறியதாக, தனியாக வையுங்கள். சம்பளக் கோப்புக்கென்றே 'சி' டிரைவில் ஒரு ஃபோல்டர் போதும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரையோ டெஸ்க்டாப்பையோ நம்பகமான இடமாக்கினால், ஏழாம் கேள்வியில் வேண்டாம் என்றதைச் சுற்றுவழியில் செய்ததாகிவிடும்.

9. "ஃபைல் எங்கள் ஆபீஸ் சர்வரிலேயேதான் இருக்கிறது. இணையத்தையே தொடவில்லை. அப்படியும் சிவப்பு வருகிறதே?"

சர்வரை எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். 192.168.1.10 போல எண் முகவரியால் போனால், நடுவில் உள்ள புள்ளிகளைப் பார்த்து விண்டோஸ் அதை இணைய முகவரியாகவே எடுத்துக்கொள்ளும். அதே சர்வரைப் புள்ளி இல்லாத பெயரால் திறந்தால் அலுவலக நெட்வொர்க் என்று கொள்ளும். ஒரு பள்ளி அலுவலகத்தில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் ஆனது. ஒரு எழுத்தரின் கணினியில் ஓடியது, அடுத்தவருடையதில் ஓடவில்லை. கோப்பு, பதிப்பு, அமைப்பு எல்லாம் ஒன்றே. ஒருவரின் ஷார்ட்கட்டில் பெயர், மற்றவருடையதில் எண்.

பெயரால் போக வழியில்லை என்றால், அந்த முகவரியை 'இன்டர்நெட் ஆப்ஷன்ஸ்' பகுதியில் உள்ளக நெட்வொர்க் பட்டியலில் சேர்க்கலாம். சர்வர் ஃபோல்டரை நம்பகமான இடமாக்க, எட்டாம் கேள்வியின் அதே பக்கத்தில் நெட்வொர்க் இடங்களை அனுமதிக்கும் கட்டத்திலும் டிக் வேண்டும். பக்கத்திலேயே 'பரிந்துரைப்பதில்லை' என்று மைக்ரோசாஃப்ட் எழுதியிருக்கும். அந்த ஃபோல்டரில் யார் வேண்டுமானாலும் கோப்பு போடலாம் என்றால் அவர்கள் சொல்வதுதான் சரி.

10. "நீங்கள் சொன்ன இடத்துக்குப் போனால் எல்லாம் சாம்பல் நிறத்தில் இருக்கிறது, தொட முடியவில்லை."

அப்படியானால் உங்கள் நிறுவனத்தின் ஐ.டி. பிரிவு அந்த அமைப்பை மையத்திலிருந்து பூட்டிவைத்திருக்கிறது. குறுக்கு வழி தேடாதீர்கள்; வேலைக்கே உலை வைத்துவிடும். கேட்டு வாங்குவதுதான் வழி. ஆனால் "மேக்ரோ ஓடவில்லை, சரிசெய்து தாருங்கள்" என்று ஒரு வரியில் கேட்டால் "கம்பெனி விதி" என்று ஒரு வரியில் பதில் வரும். நான் எழுதிக்கொடுக்கும் கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"சம்பளப் பிரிவில் ஆறு பேர் ஒரே எக்செல் கோப்பைப் பயன்படுத்துகிறோம். அதன் மேக்ரோ வருகைப் பதிவை வாசித்து, பிடித்தங்களைக் கணக்கிட்டு, சம்பளச் சீட்டுகளைப் பிடிஎஃப் ஆக அதே ஃபோல்டரில் சேமிக்கும். இணையத்தைத் தொடாது, வேறு நிரல் எதையும் இயக்காது. நிரல் வரிகள் முழுவதும் உங்கள் பார்வைக்குத் தனியே இணைத்துள்ளோம். சர்வரில் ஒரு ஃபோல்டரை ஒதுக்கி, அதில் எழுதும் உரிமையை இருவருக்கு மட்டும் கொடுத்து, அந்த ஆறு கணினிகளில் மட்டும் அதை நம்பகமான இடமாகச் சேர்க்க வேண்டுகிறோம். அல்லது இந்த மேக்ரோவின் கையொப்பச் சான்றிதழை நம்பகமான வெளியீட்டாளராகச் சேர்த்தாலும் போதும்."

எத்தனை பேர், எந்த ஃபோல்டர், மேக்ரோ என்ன செய்யும், என்ன செய்யாது என்று இருந்தால் ஐ.டி. பிரிவினர் படிக்கிறார்கள். பூட்டியவர்களும் மனிதர்கள்தான், பொறுப்பை எவ்வளவு சுருக்கிக் கொடுக்கிறோமோ அவ்வளவு எளிதாகக் கையெழுத்துப் போடுவார்கள்.

11. "கையொப்பம் என்றீர்களே, அது என்ன? நானே போட்டுக்கொள்ள முடியுமா?"

மேக்ரோவை எழுதியவர் யார், எழுதிய பிறகு யாராவது கை வைத்தார்களா என்பதைக் காட்டும் டிஜிட்டல் முத்திரை அது. விபிஏ எடிட்டரில் 'டூல்ஸ்' பட்டியலில் 'டிஜிட்டல் சிக்னேச்சர்' என்று இருக்கும். முத்திரை மேக்ரோவுக்கு மட்டுமே. ஷீட்டில் எண்களை மாற்றினால் குலையாது. நிரலின் ஒரு வரியை, சான்றிதழ் இல்லாத கணினியில் திருத்திச் சேமித்தால் போய்விடும்.

ஆபீஸுடன் வரும் 'செல்ஃப்செர்ட்' என்ற சிறு நிரலால் சொந்தச் சான்றிதழ் செய்துகொள்ளலாம், செலவில்லை. ஆனால் அது நீங்களே அடித்துக்கொண்ட ரப்பர் ஸ்டாம்பு. உங்கள் கணினி மதிக்கும், மற்றவை மதிக்கா. ஒவ்வொரு கணினியிலும் அதன் பொதுப் பகுதியை நம்பகமான மூலச் சான்றிதழாகவும் நம்பகமான வெளியீட்டாளராகவும் சேர்க்க வேண்டும். ஆறு கணினிகளுக்கு இது சரிப்படும். ஊரெல்லாம் விற்கும் கோப்பு என்றால் காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். 2023 ஜூனிலிருந்து அவற்றின் ரகசியச் சாவியைப் பாதுகாப்பான வன்பொருளில்தான் வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. பள்ளிக்கூடச் சம்பளப் பட்டியலுக்கு அவ்வளவு தேவையில்லை.

12. "நீங்கள் உங்கள் வாடிக்கையாளர்களுக்கு எப்படித்தான் அனுப்புகிறீர்கள்?"

மேக்ரோவை அனுப்புவதையே குறைத்துவிட்டேன். மாதா மாதம் மாறுவது தரவு. மேக்ரோ ஆண்டுக்கு ஒரு முறை மாறினால் அதிகம். பிறகு ஏன் இரண்டையும் ஒரே கோப்பில் கட்டி, மாதத்துக்கு ஒரு முறை எல்லாக் காவலர்களையும் தாண்ட வேண்டும்? மேக்ரோக்களை எக்ஸ்எல்ஏஎம் வகை 'ஆட்-இன்' ஆக்கி, அதாவது எக்செல் திறக்கும்போதே கூட ஏறும் துணைக் கோப்பாக்கி, ஒவ்வொரு கணினியிலும் ஒரு முறை நேரில் போய் நிறுவிவிடுகிறேன். மின்னஞ்சலில் போய்வருவது மேக்ரோ இல்லாத 'எக்ஸ்' வகைக் கோப்பு மட்டுமே. அதை யாரும் மறிப்பதில்லை.

இதில் ஒரு பள்ளம் உண்டு. ஆட்-இன் கோப்பையும் இணையம் வழியாக இறக்கினால் சீட்டு ஒட்டும். அப்போது சிவப்புப் பட்டைகூட வராது. சத்தமில்லாமல் ஏறாமல் இருந்துவிடும், மேலே உங்கள் மெனு மட்டும் காணாமல் போயிருக்கும். நிறுவும் முன் நான்காம் கேள்வியில் சொன்னபடி அன்பிளாக் செய்துவிடுங்கள்.

13. "மேக்ரோவை அனுமதித்துவிட்டேன். இப்போது 'மேக்ரோவை இயக்க முடியவில்லை' என்று யாரோ ஒருவருடைய ஃபோல்டர் பெயரைக் காட்டுகிறது."

இது பாதுகாப்புப் பிரச்சினை இல்லை, அனுப்பியவரின் கவனக்குறைவு. மேக்ரோவைப் பதிவுசெய்யும்போது 'பெர்சனல்' என்ற தனிப்பட்ட புத்தகத்தில் சேமித்திருப்பார். அது அவர் கணினியை விட்டு நகராது. பட்டன் மட்டும் உங்களிடம் வந்து, தன் வீட்டைத் தேடுகிறது. அவர் அந்த மேக்ரோவை இந்தக் கோப்புக்குள் நகர்த்தி, பட்டனுக்கு மீண்டும் இணைத்து அனுப்ப வேண்டும்.

நிரலுக்குள் 'சி' டிரைவ், யூசர்ஸ், அவர் பெயர், டெஸ்க்டாப் என்று முழு முகவரி எழுதியிருப்பதும் இதே ரகம். கோப்பு இருக்கும் இடத்தை 'திஸ்ஒர்க்புக்.பாத்' என்று கேட்டு வாங்குவதே முறை. அதிலும் ஒரு வேடிக்கை: கோப்பு ஒன்டிரைவ் ஃபோல்டரில் இருந்தால், டிரைவ் முகவரிக்குப் பதில் இணைய முகவரி வந்து நிற்கலாம்; விபிஏவில் கோப்பைத் தேடும் 'டிர்' போன்ற பழைய கட்டளைகள் அதைக் கண்டு விழிக்கும். சம்பளக் கோப்பை ஒன்டிரைவுக்கு வெளியே வைப்பது எளிது.

14. "பழைய கணினியில் ஓடியது, புதிதாக வாங்கியதில் 'பிடிஆர்சேஃப்' என்று ஏதோ சொல்கிறது."

பழையதில் 32 பிட் ஆபீஸ், புதியதில் 64 பிட். விண்டோஸின் உள் வசதிகளை நேரடியாக அழைக்கும் வரிகள் இருந்தால், 64 பிட்டில் அவற்றோடு 'பிடிஆர்சேஃப்' சேர்க்க வேண்டும். முகவரிகளை வைக்கும் மாறிகளை 'லாங்பிடிஆர்' வகைக்கு மாற்ற வேண்டும். ஆபீஸ் 2010 முதல் இந்த எழுத்துமுறை உண்டு, எழுதியவரிடமே கேளுங்கள்.

தேதி தேர்ந்தெடுக்கும் பழைய நாட்காட்டிக் கட்டம் 64 பிட்டில் கிடையாது. ஆக்டிவ்எக்ஸ் என்ற பழைய தொழில்நுட்பத்தில் செய்த பட்டன்களையும் ஆபீஸ் 2024 முன்னிருப்பாகவே முடக்கிவிட்டது. புதிதாகச் செய்பவர்கள் 'ஃபார்ம் கன்ட்ரோல்' வகைப் பட்டனையோ, ஒரு வடிவத்தை வரைந்து அதில் மேக்ரோவை இணைப்பதையோ பழகிக்கொள்ளுங்கள்.

15. "எல்லாம் ஓடுகிறது, மெயில் அனுப்பும் இடத்தில் மட்டும் 429 என்று பிழை வருகிறது."

அந்தக் கணினியில் புதிய அவுட்லுக் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். மேக்ரோக்கள் பேசத் தெரிந்தது பழைய அவுட்லுக்கோடுதான். புதியது அந்த வகை அழைப்புக்குக் காது கொடுக்காது. பழைய அவுட்லுக்கும் இருந்து இதே பிழை வந்தால், வைரஸ் தடுப்பான் நடுவில் நிற்கிறதா என்று ஐ.டி. பிரிவைக் கேளுங்கள். எக்செல் மேக்ரோ வேறு நிரலை இயக்குவதைத் தடுக்கும் விதியை விண்டோஸ் டிஃபெண்டரிலேயே போட முடியும். மேக்ரோவுக்கு அனுமதி கிடைத்தாலும், மேக்ரோ செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் அனுமதி கிடைத்ததாக ஆகாது.

16. "நிரலில் தமிழில் எழுதியது எல்லாம் கேள்விக்குறியாக வருகிறதே!"

விபிஏ எடிட்டர் யூனிகோடுக்கு முந்திய காலத்துப் பிறவி. விண்டோஸின் பழைய எழுத்துத் தொகுதிகளில் தமிழுக்கு இடமே ஒதுக்கப்படவில்லை. அதனால் எடிட்டரில் "சம்பளம்" என்று ஒட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிதான். தமிழ்ப் பெயருள்ள ஷீட்டை நிரலில் அந்தப் பெயரை நேரடியாக எழுதி அழைக்கவும் முடியாது.

நான் செய்வது: எல்லாத் தமிழ் வாசகங்களையும் 'சொற்கள்' என்ற ஷீட்டில் வரிசையாக எழுதி, நிரல் அந்தக் கட்டங்களிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி வைப்பது. ஷீட்டைத் தாவலில் உள்ள பெயரால் அழைக்காமல், எடிட்டரில் தெரியும் உள்பெயரால் அழைப்பேன். வழக்கமான செய்திப் பெட்டியும் தமிழைக் காட்டாது. அதற்குப் பதில் ஒரு சிறு படிவம் செய்து, அதன் லேபிளில் காட்டினால் அழகாக வரும். ஃபோல்டருக்கும் கோப்புக்கும் ஆங்கில எழுத்தில் பெயர் வையுங்கள். மொழிப்பற்று குறைந்ததால் அல்ல. விபிஏவின் 'டிர்' கட்டளைக்கும் இதே நோய் இருக்கிறது.

17. "என் கணினியில் சரியாக வரும் தேதி, கிளை அலுவலகத்தில் தப்பாக வருகிறது."

அங்கே விண்டோஸ் அமெரிக்க அமைப்பில் இருக்கும். 05/04/2024 என்று எழுத்தாக இருப்பதை உங்கள் கணினி ஏப்ரல் 5 என்றும், அந்தக் கணினி மே 4 என்றும் படிக்கும். என் கோப்பு ஒன்றில், ஏப்ரலில் வேலைக்குச் சேர்ந்த ஓர் ஆசிரியை இப்படி மே மாதம் சேர்ந்தவராகி, ஒரு மாதச் சம்பளம் பட்டியலிலிருந்தே காணாமல் போனது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. அவரே வந்து கேட்ட பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனியாக வாங்கி 'டேட்சீரியல்' மூலம்தான் தேதி ஆக்குகிறேன்.

18. "ஃபோனில் திறக்கலாமா? எங்கள் முதல்வர் மேடம் மேக் வைத்திருக்கிறார், அதில்?"

ஃபோனிலும் பிரவுசரில் ஓடும் எக்செலிலும் கோப்பைத் திறந்து பார்க்கலாம், மேக்ரோ ஓடாது. கூகுள் ஷீட்ஸிலும் ஓடாது. மேக்கில் உள்ள எக்செலில் ஓடும், ஆனால் ஆக்டிவ்எக்ஸ் கிடையாது. மற்றக் கோப்புகளைத் தொடும்போது ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்கலாம். மேடம் பார்வையிட மட்டும்தான் என்றால் பிடிஎஃப் அனுப்புங்கள்.

19. "மேக்ரோவை அனுமதிக்காமலே திறந்து, எண்களைக் கையால் மாற்றிவிடுகிறார்கள். தடுக்க வழி உண்டா?"

உண்டு. சேமிக்கும்போது எல்லா ஷீட்களையும் 'வெரி ஹிடன்' நிலையில் மறைத்துவிட்டு, "மேக்ரோவை அனுமதித்துத் திறக்கவும்" என்று எழுதிய ஒரே ஷீட்டை மட்டும் காட்டும்படி நிரல் எழுதலாம். மேக்ரோ ஓடினால்தான் மற்றவை வெளியே வரும். சாதாரணப் பயனருக்கு இது போதும்.

ஆனால் இதையோ, விபிஏ நிரலுக்குப் போடும் கடவுச்சொல்லையோ பூட்டு என்று நம்பாதீர்கள். இரண்டும் வாசலில் தொங்கும் திரைச்சீலை. கோப்பைத் திறப்பதற்கென்று போடும் கடவுச்சொல்தான் உண்மையில் உள்ளே இருப்பதை மறையாக்கம் செய்கிறது. வங்கிக் கணக்கு எண்கள் உள்ள கோப்புக்கு அது கட்டாயம்.

20. "ஐ.டி. பிரிவு முடியவே முடியாது என்று சொல்லிவிட்டது. இனி என்ன?"

உங்கள் மேக்ரோ என்ன செய்கிறது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். பல கோப்புகளை ஒன்றாக்குவது, வேண்டாத வரிகளை நீக்குவது, பத்திகளை மாற்றி அடுக்குவது என்றால், அவை எல்லாவற்றையும் 'பவர் குவெரி' மேக்ரோ இல்லாமலே செய்யும். எக்செல் 2016 முதல் அது உள்ளேயே இருக்கிறது. வடிகட்டுவது, வரிசைப்படுத்துவது, தேடி எடுப்பதற்குப் புதிய எக்செலில் 'ஃபில்டர்', 'சோர்ட்', 'எக்ஸ்லுக்அப்' வாய்ப்பாடுகள் போதும்.

ஒரு நிறுவனத்துக்காக நான் இப்படி உட்கார்ந்து எழுதிப் பார்த்தபோது, பதினொரு மேக்ரோக்களில் எட்டு தேவையில்லாமல் போயின. மீதி மூன்றும் சம்பளச் சீட்டை ஆளுக்கு ஒன்றாகப் பிடிஎஃப் ஆக்குபவை. அவை இப்போது சம்பளப் பிரிவின் ஒரே ஒரு கணினியில், ஒரே ஃபோல்டரில் இருக்கின்றன; மாதத்தின் கடைசி வேலை நாளில் ஒருவர் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து பட்டனை அழுத்திவிட்டு வருகிறார்.